பூரணத்தின் புருசனுக்கு ஒரு வோக்கர்

எங்கள் ஆஸ்பத்திரியில் பூரணத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் கந்தப்புவின் மனுசி. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரைக்கு ஓட்டோவில் வந்து இறங்குவார். ஐம்பத்தாறு வயது, காய்ந்த உடம்பு, இடது பக்கம் நின்று கதைத்தால் கேட்காது. வடமராட்சி கிழக்கில் கடலைப் பார்த்த வீடு. புருசனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் அறையின் நீள வாங்கில் இருத்திவிட்டு, தான் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். இருங்கோ அம்மா என்று எத்தனை தரம் சொன்னாலும் இருக்கமாட்டார். எங்கே போனாலும் அவருடைய முதுகுக்கு ஒரு சுவர் வேண்டும். அது ஏன் என்று எனக்கு விளங்க ஐந்து மாதம் எடுத்தது. பதினொரு வருடம் இந்த வேலை பார்த்தவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வரும்.

என் பெயர் சுவர்ணா, ஊர் நெல்லியடி. பிசியோதெரபி செய்கிறவள். நோயாளிகள் என்னை 'எக்சசைஸ் மிஸ்' என்பார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத விருப்பமில்லை, சோறு போட்ட இடம். கந்தப்புவை மட்டும் 'அவன்' என்றே எழுதப் போகிறேன். என்னைவிட இருபத்திமூன்று வயது மூத்தவன்தான். எட்டு மாதம் 'ஐயா, ஐயா' என்று அழைத்தாகிவிட்டது, அவ்வளவு போதும். மரியாதை தெரியாதவள் என்று யாராவது நினைத்தால் தாராளமாக நினைக்கட்டும்.

கந்தப்பு கடல் தொழில் செய்தவன். ஐப்பசி மாதம் ஒரு நாள் வள்ளத்தின் எஞ்சினைத் தோளில் தூக்கியவன் அப்படியே மணலில் சரிந்தான். ஸ்ரோக். வலது கையையும் வலது காலையும் இழுத்துப் போட்டது. வாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. மார்கழியில் அவனை என்னிடம் அனுப்பினார்கள்.

ஸ்ரோக் வந்தவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சமநிலையை. அதற்குப் பதினாலு வேலைகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பவேண்டும். இரண்டு நிமிடம் எதையும் பிடிக்காமல் நிற்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். கையை நீட்டி முன்னால் எட்டவேண்டும், நிலத்தில் கிடக்கிற செருப்பைக் குனிந்து எடுக்கவேண்டும், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவேண்டும், கடைசியில் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு புள்ளி, மொத்தம் ஐம்பத்தாறு. நாற்பத்தைந்துக்குக் கீழே என்றால் ஆள் விழக்கூடும் என்று கவனமாக இருப்போம். அதற்கு மேலே ஏறிவிட்டால் ஒரு பொல்லை ஊன்றிக்கொண்டு தனியே நடமாடலாம் என்று பெரும்பாலும் எழுதுவோம். பொல்லுக்கு ஒரு கை போதும். வோக்கர் என்பது நாலு கால் உள்ள அலுமினியச் சட்டம். அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி முன்னால் வைத்துத்தான் ஓர் அடி எடுத்துவைக்கலாம். யாருக்குப் பொல்லு, யாருக்கு வோக்கர் என்று நான் எழுதுகிறதைத்தான் டொக்டரும் ஒப்புக்கொள்ளுவார்.

கந்தப்பு மார்கழியில் பத்தொன்பது எடுத்தான். மாசியில் முப்பத்தொன்று. சித்திரைக் கடைசியில் நாற்பத்தாறு. நாற்பது வருடம் ஆடுகிற வள்ளத்தில் நின்ற கால்கள் அல்லவா, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. குதியை ஊன்றுங்கோ ஐயா, பாரத்தை இரண்டு காலிலும் சரிசமனாகப் போடுங்கோ, இடுப்பை நிமிர்த்துங்கோ என்று நான் சொல்லச் சொல்ல அவன் திருந்திக்கொண்டு வந்தான். வலது கையில் பிடியும் திரும்பியது. எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம். மற்ற நோயாளிகளுக்கு அவனைக் காட்டிக் கதைப்பேன்.

ஒரு விசயம் மட்டும் உதைத்தது. வாராவாரம் அவன் ஒரு புதுக் காயத்தோடு வந்தான். கேட்டால் விழுந்துவிட்டேன் என்பான். பூரணமும் ஓம், விழுந்துவிட்டார் என்பார். இவன் நிலத்தைப் பார்த்துச் சொல்லுவான், அவர் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். நாற்பத்தாறு எடுக்கிற ஆள் வாரத்துக்கு ஒரு தரம் விழுகிறதாவது! நான் பூரணத்தைப் பிடித்துப் பேசினேன். பாயைச் சுருட்டி வைக்கச் சொன்னேனே, கிணற்றடியில் பாசியைத் தேய்க்கச் சொன்னேனே, வீட்டில் இருந்துகொண்டு என்னதான் பார்க்கிறீர்கள் என்று நாலு பேர் முன்னால் ஏசினேன். அவர் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுடைய மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி முழு உடம்பையும் பார்த்தேன். விழுகிற ஆளுக்குக் காயம் படுகிற இடங்கள் உண்டு. உள்ளங்கை, முழங்கால், முழங்கை, இடுப்பின் பக்கவாட்டு. விழும்போது கை தானாக நீளும், எவ்வளவு கெட்ட கையும் நீளப் பார்க்கும். கந்தப்புவின் உள்ளங்கை இரண்டும் சுத்தமாக இருந்தன. காயங்கள் எல்லாம் பின்புறம். பிடரிக்குக் கீழே, தோள்பட்டையில், தொடையின் பின்னால், ஒரே அகலத்தில் நீளநீளமாகக் கன்றிப்போய்க் கிடந்தன.

அவனுடைய பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துச் சடாரென்று இழுத்தேன். அதுவும் ஒரு சோதனைதான், எதிர்பாராமல் இழுக்கும்போது ஆள் என்ன செய்கிறார் என்று பார்ப்பது. கந்தப்பு ஒரு காலைப் பின்னுக்கு வைத்து நின்றுவிட்டான். அதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் சுவரோடு நின்ற பூரணம் நிலத்தில் குந்திவிட்டார். இரண்டு கையும் தலைக்கு மேலே, முழங்கைகள் முகத்தை மூட, நாடி நெஞ்சுக்குள் புதைந்திருந்தது. என் கை வேகமாக அசைந்ததைத் தவிர அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. மற்றவர்கள் அவருக்குத் தலைசுற்று என்று நினைத்தார்கள். கந்தப்பு அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

சிற்றூழியர் தம்பிராசாவிடம் அவனைச் சைக்கிள் மிதிக்க வைக்கச் சொல்லிவிட்டு, தலைசுற்றைப் பார்க்கவேண்டும் என்ற சாட்டில் பூரணத்தைத் திரைக்கு உள்ளே கூட்டிப் போனேன். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மூடினதுமே இடப்பக்கமாகச் சரிந்தார், பிடித்திருக்காவிட்டால் கட்டிலில் மண்டை அடிபட்டிருக்கும். இடது காது எப்போது கெட்டது என்று கேட்டேன். இரண்டாயிரத்து ஒன்பதில் கன்னத்தில் ஓர் அறை, காதால் இரத்தம் வந்தது, அதிலிருந்து இருட்டினால் சுவரைத் தடவித்தான் நடக்கிறேன் என்றார். பதினாலு வேலையையும் செய்யவைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது புள்ளி. புருசனைத் தாங்கிக் கூட்டிவந்தவர் புருசனைவிட ஏழு புள்ளி குறைவு.

கந்தப்புவின் உடம்பில் இருக்கிற காயங்கள் யார் அடித்தவை என்று நேரடியாகவே கேட்டேன்.

"நான்தான் அடிக்கிறனான், பிள்ளை," என்றார். "அகப்பைக் காம்பாலை. அந்தாள் எழும்பிக் கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற நேரம் பார்த்துப் பின்னாலை நிண்டு அடிப்பன். முன்னாலை நிண்டு அடிக்க எனக்கு இன்னும் பயம்."

எனக்கு இரத்தம் கொதித்தது. என் நோயாளியை ஒருத்தி அடித்து வந்திருக்கிறாள், அவளுக்கு நான் பாயைச் சுருட்டச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பொலிசில் சொல்லுவேன் என்று குரலை அடக்கிக்கொண்டு மிரட்டினேன். அவர் தன் பையிலிருந்து ஒரு கட்டுக் காட்டுகளை எடுத்து என் மடியில் வைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது கொடுக்கிற நோய்க் குறிப்பு அட்டைகள், காட்டுகள் என்போம், எல்லாம் அவர் பெயரில், ஒன்பது இருந்தன. தொண்ணூற்றெட்டு, வலது முன்கை எலும்பு முறிவு, கிணற்றடியில் வழுக்கியது. இரண்டாயிரத்து ஆறு, இரண்டு பல், படியில் விழுந்தது. இரண்டாயிரத்துப் பதின்மூன்று, மூன்று விலா எலும்பு, மீண்டும் கிணற்றடி. எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னவன் பக்கத்தில் நின்ற கந்தப்பு. எங்கள் பக்கத்தில் மனுசிக்கு என்ன வருத்தம், என்ன காயம் என்று புருசனைத்தான் கேட்பார்கள். அவன் சொல்லுகிறதை எழுதுவார்கள். அவர்களுக்கு வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்பார்கள்.

பூரணத்தின் கதையை அன்றைக்கு அந்தத் திரைக்குள் நின்றுதான் கேட்டேன். தொண்ணூற்றொன்றில் கலியாணம். மூன்றாம் நாள் குழம்பில் புளி கூடிவிட்டது என்று சட்டியோடு முகத்தில் எறிந்தான். முதல் பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றில் உதைத்ததில் செத்துப் பிறந்தது. இரண்டாவது பிள்ளை மகள் கஜானி. தாய்க்கு எப்போதும் கால் தடுமாறும் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவள் இப்போது பிரான்சில் இருந்துகொண்டு, அம்மா கவனமாக நடவுங்கோ என்று வீடியோவில் புத்தி சொல்லுகிறாள். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது குடும்பத்தோடு இருந்தபோது, தான் உடுக்கிற சாரம் காயவில்லை என்று நனைந்த வலைக்கயிற்றால் அடித்தான். மண்டபத்தில் இருந்த அவ்வளவு பேரும் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தார்களாம். மீன் பட்டாலும் அடி, படாவிட்டாலும் அடி. பட்ட நாளில் குடித்துவிட்டு அடிப்பான், அதனால் மீன் படாத நாள் பரவாயில்லை என்றார்.

ஸ்ரோக் வந்து அவன் படுத்த அன்றைக்குத்தான் பூரணம் முப்பத்திநாலு வருடத்தில் முதல்முறையாக மல்லாந்து படுத்து நித்திரை கொண்டார். பிறகு நான் அவனை எழுப்பத் தொடங்கினேன்.

"அந்தாளை உந்தளவிலை விட்டிடுங்கோ பிள்ளை," என்றார். "கக்கூசுக்குப் போகவும் சோத்தைப் பிசைஞ்சு தின்னவும் காணும். அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம். கையை விட்டிட்டு நிமிர்ந்து நிண்டுதெண்டால் அண்டைக்கு நான் செத்தன்."

இப்படி ஒரு வேண்டுகோளை எனக்குப் படிப்பித்தவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை. பெண்களுக்கு ஆலோசனை சொல்லுகிற அறை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, அங்கே கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த வாசலால் எங்கள் ஊர்ச் சனம் அவ்வளவும் போய்வரும், நான் உள்ளே இருக்கும்போதே அந்தாளுக்குச் செய்தி போய்விடும் என்றார். தங்கை வீட்டுக்குப் போங்கள் என்றேன். தேடி வந்து தங்கையையும் அடிப்பார் என்றார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் வருடக்கணக்காக யோசித்துத் தள்ளியிருந்தார்.

வெள்ளிக்கிழமை டொக்டரின் கிளினிக். அன்றைக்குத்தான் கந்தப்புவுக்குப் பொல்லா வோக்கரா என்று எழுதவேண்டும். அவன் பொல்லுக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். பூவரசங்கம்பு ஒன்றைச் சீவி, எண்ணெய் பூசிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பெருவிரல் தடிப்பு. என்னால் அந்தக் கம்பையும் பார்க்கமுடிந்தது, சுவரோடு நிற்கிற பூரணத்தையும் பார்க்கமுடிந்தது. அவனுடைய காட்டை எடுத்து முப்பத்தெட்டு என்று எழுதினேன். பிடிமானமின்றி நிற்க முடியாது, வோக்கர் அவசியம், இரண்டு கையும் எப்போதும் பிடியில் இருக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினொரு வருடத்தில் எழுதிய முதல் பொய். நல்ல வேலை ஒன்றைச் செய்கிற சந்தோசம்கூட இருந்தது.

கந்தப்பு முகத்தைச் சுளித்தான். ஐயா, மூளையில் இரத்த ஓட்டம் இன்னும் சரியில்லை, வோக்கரை விட்டால் மண்டை அடிபட்டு அந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்று சாவைக் காட்டிப் பயமுறுத்தினேன். முரடர்கள் சாவுக்கு நன்றாகப் பயப்படுவார்கள். நம்பிவிட்டான். பூரணத்தைத் தனியே கூப்பிட்டு, இனி அவன்மேல் அகப்பைக் காம்பு பட்டால் நான் எழுதினதை மாற்றி எழுதுவேன் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு அவன் காயத்தோடு வரவே இல்லை.

மூன்று மாதம் அப்படிப் போனது. அவனுடைய இரண்டு கையும் அலுமினியத்தில் இருந்தன. கத்துவான், ஏசுவான், வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லுவான், கை மட்டும் வராது. ஆடியில் ஒரு நாள் பூரணம் என் அறை வாங்கில் இருந்தார். நான் சொல்லாமலே, மற்றச் சனத்தோடு, முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லாமல் இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அவனுடைய உண்மையான புள்ளி அந்த நேரம் நாற்பத்தொன்பது, அது என் மனதுக்குள் மட்டும் இருந்தது.

ஆவணியில் ஒரு காலை கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். இப்போதெல்லாம் உழவு இயந்திரம்தான் கயிற்றை இழுக்கும், அன்றைக்கு அது பழுது. ஆள் போதாது, வலைக்குள் நிறைய மீன், கையால் இழுக்கக்கூடிய எல்லாரையும் கூப்பிட்டுக் கத்தினார்கள். வோக்கரோடு வேடிக்கை பார்க்கப் போயிருந்த கந்தப்பு தன்னை மறந்து அதை மணலில் விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். நாற்பது பாகம் கயிறு இழுத்திருப்பான் என்று பிறகு சொன்னார்கள். வலை கரைக்கு வந்த பிறகுதான் தன் இரண்டு கையையும் பார்த்தானாம். வோக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

பூரணம் குசினியில் அடுப்போடு இருந்தார். வோக்கரைத் தலைக்கு மேலே தூக்கி அதன் காலால் முகத்தில் அடித்தான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. தலையை மூடிய இடது கையில் அடுத்த அடி, மணிக்கட்டு நொறுங்கியது. விழுந்தவரை நெஞ்சிலும் வயிற்றிலும் உதைத்தான், அதுவும் ஸ்ரோக் வந்த வலது காலால், இடது காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டு. ஒற்றைக் காலில் நிற்பது சோதனையின் பதினாலாவது வேலை. அதைத்தான் அவன் என்னிடம் மாதக்கணக்காகப் பழகினான். அயலில் சத்தம் கேட்டு வந்தவர்கள் கண்டது, வோக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, மனுசி வழுக்கி விழுந்துவிட்டாள், யாராவது ஓடி வாருங்கோ என்று அழுகிற கந்தப்புவை.

அடுத்த நாள் வார்ட்டுக்குப் போனேன். பூரணத்தின் முகம் முகமாக இல்லை, தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், வாய் திறக்காது. பொலிஸ் சார்ஜன் கொலின்ஸ் கட்டில் பக்கத்தில் நின்றார், மன்னார்ப் பக்கத்து ஆள், நிதானமானவர். பூரணம் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். நல்ல கையால் கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்: "கந்தப்பு அடிச்சவர். நான் விழேல்லை." முப்பத்திநாலு வருடத்தில் முதல்முறையாகப் பொலிசுக்கு உண்மையைச் சொன்னார்.

கொலின்ஸ் அதை வாசித்துவிட்டு, தன் கோவையிலிருந்து ஒரு காட்டின் பிரதியை எடுத்து எனக்குக் காட்டினார். என்னுடைய எழுத்து. பிடிமானமின்றி நிற்க முடியாது, இரண்டு கையும் எப்போதும் பிடியில் இருக்கவேண்டும். கந்தப்பு இதைத்தான் நிலையத்தில் முதலில் நீட்டினானாம். கை விட்டால் விழுகிற ஆள் எப்படி அம்மா அடித்திருப்பார், அடிபட்ட மயக்கத்தில் மாறி நினைக்கிறீர்களோ என்று கொலின்ஸ் தன்மையாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் நான் செத்திருக்கலாம். அவரைக் காப்பாற்ற நான் எழுதிய பொய்யை அவன் தனக்குக் கேடயமாக எடுத்துக்கொண்டு போயிருந்தான். என் கையெழுத்து இருக்கும்வரை பூரணம் சொல்லுகிறதை யாரும் நம்பப் போவதில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வேலை போகும், ஓய்வூதியம் போகும், பொய் அறிக்கை எழுதினவள் என்று பேப்பரில் வரும் என்று மனம் ஓடியது. கொலின்ஸ் போன பிறகு பூரணம் தாளைத் தன் பக்கம் இழுத்தார். எனக்கு ஆறுதலாக ஏதோ எழுதப் போகிறார் என்று நினைத்தேன், அப்படி ஒரு மானங்கெட்ட எதிர்பார்ப்பு.

"நீங்கள் எழுதினது. நீங்களே போய்ச் சொல்லுங்கோ," என்று எழுதித் தாளை என் கையில் வைத்து அழுத்தினார்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. கந்தப்பு பிணையில் தமையன் வீட்டில் இருக்கிறான், பூரணம் இருக்கும் பக்கம் போகக்கூடாது என்று நீதிமன்றக் கட்டளை. பூரணம் அரியாலையில் தங்கை வீட்டில் இருக்கிறார், கரைத்த சோறுதான் சாப்பாடு. என்னை விசாரணை முடியும்வரை வேலையால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். இனி அன்றைக்குப் பின்னேரம் பொலிஸ் நிலையத்தில் நடந்தது.

வாங்கில் கந்தப்பு இருந்தான். முன்னால் வோக்கர், இரண்டு கையும் அதன்மேல். அவனுக்குத் துணையாகக் கடற்கரை ஆட்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். என்னைக் கண்டதும், வாங்கோ மிஸ் என்று எழும்பப் பார்த்து, முடியாதவன் மாதிரித் திரும்பவும் இருந்தான். நான் கொலின்ஸின் மேசைக்குப் போய், நான் எழுதின காட்டில் இருப்பது பொய், இந்த ஆளால் கை விட்டு நிற்கவும் நடக்கவும் முடியும், பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்றேன்.

"அப்ப மிஸ் அண்டைக்குப் பொய் எழுதினீங்கள், இண்டைக்கு உண்மை சொல்லுறீங்கள்," என்றார் கொலின்ஸ். "ரெண்டிலை எதை நான் நம்புறது?"

நியாயமான கேள்வி. அவர் முன்னாலேயே சோதனை செய்து காட்டுகிறேன் என்றேன். கந்தப்புவை எழும்பச் சொன்னேன். எழும்பினான். கையை விடச் சொன்னேன். விட்டான், முழங்கால் மடிய, ஐயோ என்று வாங்கில் விழுந்தான். கடற்கரை ஆட்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாம் தரமும் அப்படியே. இந்தச் சோதனையில் உள்ள ஓட்டை அதுதான். இல்லாத பலத்தை யாராலும் காட்ட முடியாது, இருக்கிற பலத்தை மறைக்க எந்தக் கள்ளனாலும் முடியும். அவன் தலையைக் குனிந்திருந்தான், ஆனால் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிச் சிரித்தான், என் அறையில் பூரணத்தைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

அவனை எழுப்பக்கூடிய ஒரே ஒரு சொல் என்னிடம் இருந்தது. அது பூரணத்தின் இரகசியம். அவருக்கு எதிராகவும் திரும்பலாம் என்று தெரியும். யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. கடற்கரை ஆட்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"இவர் விழுந்தவரெண்டு உங்களுக்குச் சொன்ன காயமெல்லாம் இவரின்ரை மனுசி அடிச்சது. அஞ்சு மாசம் அகப்பைக் காம்பாலை அடிச்சவ. இவர் ஒரு நாளும் திருப்பிக் கை வைக்கேல்லை, குப்புறப் படுத்துக் கிடந்து அழுதவர்."

அழுதான் என்று பூரணம் சொல்லவில்லை, அதை நான் சேர்த்தேன். வாசலில் யாரோ ஒருவன் சிரித்தான். ஒரே ஒருவன், மூக்கால், சின்னதாக.

வோக்கர் நிலத்தில் உருண்ட சத்தம் கேட்டது. கந்தப்பு எழும்பியதை நான் காணவில்லை, அவ்வளவு வேகம். இரண்டு எட்டில் வந்தான். வலது கையை முழுதாக வீசி என் இடது கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பாகிவிட்டது, மேசை விளிம்பில் தோள் மோதி நிலத்தில் விழுந்தேன். ஒரு காதில் கூவென்ற சத்தம் மட்டும் கேட்டது. பூரணத்துக்கு முப்பத்திநாலு வருடமாக விழுந்த அடியில் ஒன்று எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அது என் பெயரையே ஒரு கணம் மறக்கவைத்தது.

கொலின்ஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நான் எழும்பவில்லை. நிலத்தில் கிடந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது கந்தப்புவின் கால்கள் மட்டும்தான். குதி ஊன்றியிருந்தது. பாரம் இரண்டு காலிலும் சரிசமனாக இருந்தது. அவ்வளவு பலமாக அடித்த பிறகும் ஓர் இம்மியும் ஆடவில்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றான்.